எண்ணிக்கை மயக்கம்

2021ஆம் ஆண்டில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்ட சில வாரங்களில் இரத்தப் பரிசோதனைக் கூடத்திற்குச் சென்று, காசு கொடுத்து, தம் உடலில் ஊறியிருக்கும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தின் அளவைக் குறித்து வாங்கிவந்து, அந்தச் சீட்டை அடுத்த வீட்டுக்காரரின் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, தம்முடைய எண்ணே பெரிது என்பதில் ஒருவித ரகசியப் பெருமிதம் அடைந்த நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. அவர்களைப் பரிகசிக்க நான் முன்வரவில்லை. ஏனெனில், அவர்கள் கொண்டிருந்த அபிப்பிராயம் பாமரர்களுக்கு மட்டுமே உரியதன்று. தடுப்பூசி என்பது விதை, ஆன்டிபாடி என்பது விளைச்சல், விளைச்சல் மிகுந்தால் விதை நல்ல விதை என்ற இந்தச் சித்தாந்தத்தைப் பத்திரிகையாளரும், மருந்துக் கம்பெனிகளின் அறிக்கை எழுதுவோரும், ஆராய்ச்சியாளர்களிலேயே ஒரு சாராரும், ஒரு முறையேனும் நின்று பரிசீலிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதனோடு உடன்பிறந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு. புரதத் தடுப்பூசியின் ஸ்திரத்தன்மை என்பது அது குப்பியில் இருக்கும் வரையில் படவேண்டிய கவலை. ஆலையில் செவ்வையாகத் தயாரித்து, குளிர்ப்பெட்டியில் கெடாமல் வைத்து, உரிய நாளில் ஊசி வழியே இறக்கிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. பிறகு நடப்பதெல்லாம் உடலின் பொறுப்பு என்பதே அது. இரண்டு நம்பிக்கைகளும் பிழையானவை என்பதும், பின்னதன் பிழையிலிருந்தே முன்னதன் பிழை கிளைக்கிறது என்பதும் என் கட்சி. அதற்கு எச்.ஐ.வி. தடுப்பூசி முயற்சியின் நாற்பதாண்டுக் கதையைக் காட்டிலும் தக்க சாட்சி வேறில்லை.

1984 ஏப்ரல் 23ஆம் தேதி, எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதென்று நிருபர்களைக் கூட்டி அறிவித்த அமெரிக்க சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லர், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் பரீட்சைக்குரிய தடுப்பூசி தயாராகிவிடும் என்ற நம்பிக்கையையும் அதே மூச்சில் வெளியிட்டார். அந்தக் கெடு முடிந்த 1986இல், இந்தியாவில் இந்தத் தொற்று இருப்பது முதன்முதலாகச் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வினால் வெளிப்பட்டது; தடுப்பூசியோ அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஹெக்லர் அம்மையாரின் நம்பிக்கையை மூடத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஹெபடைட்டிஸ்-பி வைரஸின் மேற்பரப்புப் புரதமே அந்நோய்க்குத் தடுப்பூசியாக 1981இல் அமெரிக்காவில் அநுமதி பெற்றிருந்தது. ஒரு வைரஸுக்குப் பலித்த யுக்தி இன்னொரு வைரஸுக்கும் பலிக்கும் என்று நினைப்பது மனித சுபாவம்.

அந்த நினைப்பின்படியே வாக்ஸ்ஜென் என்ற கம்பெனி, எச்.ஐ.வி.யின் மேற்புரதத்தில் ஜிபி120 எனப்படும் துண்டை மட்டும் தனியே தயாரித்து, வட அமெரிக்காவிலும் நெதர்லாந்திலுமாகச் சுமார் 5,400 பேரிடமும், பாங்காக்கில் சுமார் 2,500 பேரிடமும் பரீட்சை நடத்தியது. ஆளுக்கு ஏழு ஊசிகள். ஆன்டிபாடி தாராளமாக ஊறிற்று. எண்ணிக்கையைக் கொண்டாடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல செய்தி இருந்திருக்க முடியாது. 2003இல் முடிவு வந்தபோது, மெய்யான ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் தொற்று விகிதத்தில் வித்தியாசமே இல்லை. 2009இல், தாய்லாந்தில் 16,402 பேரிடம் வேறொரு கூட்டுமுறையைக் கையாண்டு 31.2 சதவிகிதப் பாதுகாப்புக் கிடைத்ததாகச் சொன்னார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அம்முறையையே திருத்தியமைத்துத் தென்னாப்பிரிக்காவில் 5,407 பேரிடம் பரீட்சித்தபோது, தடுப்பூசி பெற்றவர்களில் 129 பேருக்கும் வெற்று ஊசி பெற்றவர்களில் 123 பேருக்கும் தொற்று ஏற்பட்டிருக்கக் கண்டு, 2020 பிப்ரவரியில் ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை அறிய, அந்தப் புரதத்தின் ஸ்வரூபத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எச்.ஐ.வி.யின் மேல்தோலில் முட்களைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புரதம் ஒற்றைப் பொருளன்று. ஜிபி120, ஜிபி41 என்ற இரு துண்டுகள் சேர்ந்து ஓர் அங்கமாகி, அவ்வாறான மூன்று அங்கங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் ஒரு முக்கூட்டு அது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரைச் சங்கிலிகள். அவை நம் உடல் அணுக்களே பூசிவிட்ட சர்க்கரையாதலால், உடல் அவற்றை அந்நியமென்று எளிதில் கருதுவதில்லை. இவ்வளவு போர்வைக்கும் இடையில் ஆன்டிபாடி பற்றக்கூடிய சில குறுகிய இடங்களே உண்டு. அவ்விடங்களும், மூன்று அங்கங்களும் சேர்ந்து நிற்கும்வரைதான் தம் உண்மை உருவோடு இருக்கும். முக்கூட்டோ நாணேற்றிய வில்லைப் போன்றது. நம் அணுவைத் தீண்டியவுடன் விடுபட்டு நிமிர்ந்து துளைக்கவேண்டும் என்பதற்காகவே விசையேற்றி வைக்கப்பட்டிருப்பதால், வைரஸின் தோலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தால், தொடுவதற்கு முன்பே நாண் அறுந்துவிடும். வாக்ஸ்ஜென் செலுத்திய ஜிபி120 துண்டோ வில்லும் இல்லை, நாணும் இல்லை; வில்லின் ஒரு கொம்பு. அதைக் கண்டு பழகிய ஆன்டிபாடி, முழு வில்லை எதிரே கண்டபோது அடையாளம் தெரியாமல் விழித்தது.

இந்தப் பாடத்தைக் கற்றவர்கள் முழு முக்கூட்டையே ஸ்திரப்படுத்தும் வேலையில் இறங்கினார்கள். ஜான் மூர், ரோஜியர் சாண்டர்ஸ் முதலானோர் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த அந்தக் காரியத்தை, நம் ஊர்த் தச்சர் ஒருவர் கண்டிருந்தால் தம் தொழிலைச் சார்ந்ததாகவே கருதியிருப்பார். புரதச் சங்கிலியில் 501ஆம் இடத்திலும் 605ஆம் இடத்திலும் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தைப் பதித்து, இரண்டிற்கும் நடுவே கந்தகப் பிணைப்பென்னும் ஆணியை அறைந்து, ஜிபி120ம் ஜிபி41ம் கழன்றுபோகாமல் செய்தார்கள். 559ஆம் இடத்தில் ஐசோலூசினை நீக்கிவிட்டுப் புரோலினைச் செருகி, வில் தானாக விடுபடாமல் தடுத்தார்கள். 664ஆம் இடத்தோடு சங்கிலியைத் தறித்து, தோலில் ஊன்றியிருந்த வேரைக் களைந்து, முக்கூட்டை நீரில் கரையும் பொருளாக்கினார்கள். நைரோபியில் ஒரு சிசுவிடமிருந்து கிடைத்த வைரஸின் புரதத்தை இவ்வாறு செதுக்கி 2013இல் அவர்கள் வெளியிட்ட உருவம் உலகெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் பிரசித்தி பெற்றது. சுமார் 68 டிகிரி செல்சியஸ் வரையில் சூடேற்றினால்தான் அது குலையும். குப்பியின் ஸ்திரத்தன்மையையே ஸ்திரத்தன்மை என்று கருதுவோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் 2021இல், கலிபோர்னியாவில் லா ஹோயாவிலுள்ள ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஆண்ட்ரூ வார்டின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அந்த நிம்மதியை வேரோடு அசைத்துவிட்டது. தடுப்பூசி போடப்பட்ட பிராணிகளின் இரத்தத்திலிருந்து ஆன்டிபாடிகளைப் பிரித்து, அவற்றின் பற்றும் கைகளை மட்டும் எடுத்து, அதே தடுப்பூசிப் புரதத்தோடு கலந்து, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின்கீழ் வைத்துப் பார்ப்பது அவர்கள் கையாளும் முறை; எந்தக் கை எந்த இடத்தைப் பற்றுகிறது என்பது அதில் படமாகவே தெரியும். அப்படிப் பார்த்தபோது, அத்தனை வெப்பத்தையும் தாங்கிய முக்கூட்டு, தான் பிறப்பித்த ஆன்டிபாடிகளில் சில வந்து பற்றிய மாத்திரத்தில் மூன்று தனி அங்கங்களாகப் பிரிந்து கிடப்பதைக் கண்டார்கள். கந்தக ஆணி கழலவில்லை. ஏனெனில் அது ஒவ்வோர் அங்கத்தின் உள்ளே இரு துண்டுகளைப் பிணைப்பது. அங்கத்திற்கும் அங்கத்திற்கும் இடையிலுள்ள தழுவலைக் குலைத்தது ஆன்டிபாடி. நெருப்பு செய்யாத காரியத்தை, நாம் எண்ணி எண்ணி மகிழ்ந்த அந்த விளைச்சலே செய்து முடித்திருந்தது.

இங்கேதான் வேரைத் தறித்ததன் விபரீதம் புலப்படுகிறது. மண்ணில் நிற்கும் செடியின் வேரை ஆடு மேய முடியாது; பிடுங்கிப் போட்ட செடியில் வேர்தான் முதலில் வாய்க்கு அகப்படும். வைரஸின் தோலில் ஊன்றி நிற்கும்போது முக்கூட்டின் அடிப்புறத்தை எந்த ஆன்டிபாடியும் எட்டமுடியாது. தடுப்பூசியில் அந்த அடிப்புறம் சர்க்கரைப் போர்வையும் இல்லாமல் அம்மணமாகக் கிடக்கிறது. ஆகவே, உடலின் கவனம் முதன்மையாக அங்கே பாய்கிறது; அங்கே பிறக்கும் ஆன்டிபாடி எண்ணிக்கையில் மிகுந்தும், மெய்யான வைரஸைத் தடுக்கும் திறனில் பூஜ்யமாகவும் இருக்கிறது. அதோடு நின்றிருந்தால் வீண் செலவு என்று விட்டுவிடலாம். முக்கூட்டைக் குலைக்கும் ஆன்டிபாடிகள் இவ்வாறு பயனற்ற இடங்களைப் பற்றுபவற்றிடையேதான் காணப்பட்டன. அங்கங்கள் பிரிந்ததும், இதுவரை உள்முகமாக மறைந்திருந்த பரப்புகள் வெளிப்படுகின்றன. அப்பரப்புகளுக்கு எதிராகவும் புதிய ஆன்டிபாடிகள் பிறக்கின்றன. அவையும் வைரஸுக்குப் பயன்படாதவை. இரண்டாம் ஊசி, மூன்றாம் ஊசி என்று மேலும் மேலும் போடுகையில், முந்தைய ஊசியின் ஆன்டிபாடிகள் ஏற்கெனவே இரத்தத்தில் காத்திருந்து புதிதாக வரும் முக்கூட்டை வரவேற்பதால், குலைவு முன்னைக் காட்டிலும் சீக்கிரமே தொடங்க இடமுண்டு. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நம்மவர்கள் சொல்வது இதற்கு முற்றும் பொருந்தாது. பயிரை மேய்ந்த வேலி தானும் அடர்ந்து வளர்ந்து, அந்த அடர்த்தியைக் காட்டி உழவனிடம் நற்சாட்சிப் பத்திரமும் வாங்கிக்கொள்ளும் கதை இது.

இதை மறுப்பவர்கள் சொல்வதைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. சோதனைக் குழாயில் கலந்து பார்த்ததைக் கொண்டு உடலுக்குள் நடப்பதை எப்படி அநுமானிப்பது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, குழாயில் ஆன்டிபாடியின் செறிவு வேறு, உடலில் வேறு, முழு ஆன்டிபாடிக்குக் கைகள் இரண்டு, ஆராய்ச்சியில் எடுத்ததோ ஒற்றைக் கைகள். ஆனால், மறைந்திருக்கும் உள்முகப் பரப்பைப் பற்றும் ஆன்டிபாடிகள் அந்தப் பிராணிகளின் இரத்தத்தில் எங்கிருந்து வந்தன? முக்கூட்டு உடலுக்குள் எங்கேயும் குலையாமல் இருந்திருந்தால், பூட்டிய அறையின் உட்சுவரை எவர் பார்த்திருக்க முடியும்? குலைத்தது ஆன்டிபாடி மட்டுமே என்று நானும் சாதிக்கவில்லை. காய்ச்சலின்போது கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்த நிணநீர்க் கணுக்களின் சில பகுதிகளில் புரதத்தை அரிக்கும் நொதிகள் மிகுந்திருப்பதும், ஆன்டிபாடி பயிற்சி பெறும் உட்பகுதியில் அவை குறைந்திருப்பதும் 2023இல் வெளிவந்த ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. ஆகவே, குலைவுக்குக் காரணங்கள் பல. அதனால் என் எதிர்க்கட்சியாருக்கு லாபம் என்ன? ஊசிக்குப் பின் புரதம் உருமாறாமல் இருக்கிறது என்ற அவர்களுடைய மூலாதாரம் அல்லவா இடிகிறது?

இன்னொரு மறுப்பு சற்று ஆழமானது. முக்கூட்டைக் குலைக்கும் ஆன்டிபாடி நல்லதாகவும் இருக்கலாமே என்கிறார்கள். உண்மைதான். மனிதர் ஒருவரிடமிருந்து பிரித்தெடுத்த 3பிசி315 என்ற ஆன்டிபாடி, ஜிபி41 துண்டைப் பற்றி முள்ளைக் குலைப்பதன் மூலமே எச்.ஐ.வி.யைச் செயலிழக்கச் செய்கிறது. சார்ஸ் நோயிலிருந்து மீண்டவர் ஒருவரிடம் கிடைத்த சிஆர்3022 என்பது கொரோனா வைரஸின் முள்ளையும் அவ்வாறே பிரித்துவிடுவதை 2020இல் காட்டினார்கள். இவற்றை எடுத்துக்காட்டுவோர் ஒன்றை மறக்கிறார்கள். வைரஸின் முள் உடைந்தால் அது வைரஸுக்குத் தண்டனை. தடுப்பூசியின் முள் உடைந்தால் அது நமக்குத் தண்டனை. முன்னது போர்க்களம், பின்னது பயிற்சிக்கூடம். பயிற்சிக்கூடத்தில் நிறுத்திய மாதிரி உருவத்தை முதல் நாளே உடைத்துப் போட்டால், மறுநாள் வருகிற மாணவன் உடைசலைப் பார்த்துத்தான் பயில்வான். மேலும், எல்லா ஆன்டிபாடியும் குலைப்பவை என்பது என் வாதமன்று. ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸின் புரதத்தை, அது விடுபடுவதற்கு முந்திய உருவில் அப்படியே பிடித்து நிறுத்தியதே டி25 என்ற ஓர் ஆன்டிபாடிதான். அந்தப் பிடியின் துணையால்தான் 2013இல் அதன் அமைப்பையே காண முடிந்தது. சில ஆன்டிபாடி உடைந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் மூங்கிற்பத்தை. சில ஆன்டிபாடி ஆப்பு. பத்தையையும் ஆப்பையும் ஒரே கூடையில் போட்டு மொத்தமாக எண்ணுகிற கணக்கைத்தான் நான் மறுக்கிறேன்.

ஆர்.எஸ்.வி.யைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டதால், அதன் துக்ககரமான பூர்வகதையையும் சொல்லியாகவேண்டும். 1960களின் நடுவில், அந்த வைரஸை ஃபார்மலினில் இட்டுச் செயலிழக்கச் செய்து, அமெரிக்கக் குழந்தைகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டார்கள். ஆன்டிபாடி உண்டாயிற்று. அடுத்த குளிர்காலத்தில் தொற்று வந்தபோது, ஒரு பரீட்சையில், ஊசி போடப்பட்டுத் தொற்றிய குழந்தைகளில் 80 சதவிகிதத்தினரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்தன. காரணங்கள் பலவாயினும், அவற்றுள் ஒன்று பிற்காலத்தில் நன்கு விளங்கிற்று: தயாரிப்பிலேயே புரதம் தன் மெய்யுருவை இழந்து, விடுபட்ட உருவில் இருந்ததால், பிறந்த ஆன்டிபாடிகளில் பெரும்பான்மை வைரஸைத் தடுக்கும் திறனற்றவை. முந்திய உருவிலேயே புரதத்தை ஆணியடித்து நிறுத்திய பிறகுதான், 2023இல், முதியோருக்கான ஆர்.எஸ்.வி. தடுப்பூசி அநுமதி பெற்றது. அரை நூற்றாண்டு இடைவெளியில் மாறியது ஆன்டிபாடியின் தொகையன்று, அது கண்ட உருவம்.

அம்மைக்கும் ரண ஜன்னிக்கும் போடுகிற ஊசிகளெல்லாம் இந்த விசாரமின்றியே பலித்தனவே என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்கு நம் வீட்டுத் தாய்மாருக்கே தெரிந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். தட்டம்மை ஊசியைக் குழந்தை பிறந்ததும் போடாமல் ஒன்பது மாதம் நிறைந்த பிறகு போடுகிறோமே, ஏன்? தாயின் ஆன்டிபாடி குழந்தையின் இரத்தத்தில் இருக்கும்வரை, அது தடுப்பூசியையே மடக்கிவிடும் என்பதனால். அங்கே நடப்பது குலைவன்று, தடை. இருந்தாலும், உடலில் ஏற்கெனவே உள்ள ஆன்டிபாடி, வரும் தடுப்பூசியின் கதியை நிர்ணயிக்கிறது என்ற உண்மை நம் ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டவணையிலேயே அச்சாகியிருக்கிறது. தட்டம்மைக்கு ஒன்பது மாதம் காத்திருக்கலாம். எச்.ஐ.வி. முயற்சியில், முதல் ஊசியின் ஆன்டிபாடி இருக்கும்போதே அடுத்த ஊசியைப் போடவேண்டிய நிர்ப்பந்தம். காத்திருந்து தப்ப வழியில்லை.

ஊசியின் தொகையைக் கூட்டினால் குறை தீரும் என்ற எண்ணத்தையும் இத்துடன் சேர்த்தே மறுக்கவேண்டும். 2022இல் குரங்குகளிடம் செய்த ஆராய்ச்சியில், முதல் தடுப்பூசியை ஒரே தடவையில் கொட்டாமல், பல நாட்களில் சிறிது சிறிதாக அளவை ஏற்றிச் செலுத்தியபோது, நிணநீர்க் கணுக்களுக்குள் ஆன்டிபாடி தேறும் பயிற்சி, மறு ஊசி இல்லாமலே ஆறு மாதத்திற்கு மேல் தொடர்ந்தது. அவசரப்பட்டு மறுபடி மறுபடி குத்துவதைவிடப் பொறுமையாக ஊட்டுவது மேல் என்று இதற்குப் பொருள் கொண்டால் அது பிழையாகாது.

பரிகாரங்கள் பல வகையாகத் தேடப்படுகின்றன. அம்மணமான அடிப்புறத்திற்குச் சர்க்கரைப் போர்வை போர்த்துவது ஒன்று. அடிப்புறத்தை நுண்துகளின்மேல் ஒட்டி மறைப்பது இன்னொன்று. இவற்றைக் காட்டிலும் எனக்கு மிகவும் கருத்தூன்றத் தக்கதாகத் தோன்றுவது 2025இல் முடிவு வெளியான ஒரு மனிதப் பரீட்சை. எம்.ஆர்.என்.ஏ. முறையில், தறித்தெடுத்த கரையும் முக்கூட்டை ஒரு சாராருக்கும், உடலணுவின் சவ்விலேயே வேரூன்றி நிற்கும் முக்கூட்டை மற்றவர்களுக்கும் அளித்துப் பார்த்தார்கள். வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடி, வேரூன்றிய முக்கூட்டைப் பெற்றவர்களில் 80 சதவிகிதத்தினரிடம் உண்டாயிற்று. கரையும் முக்கூட்டைப் பெற்றவர்களில் 4 சதவிகிதத்தினரிடம் மட்டுமே உண்டாயிற்று. வேரூன்றியதால் முக்கூட்டு குலையாமல் நின்றதா, அடிப்புறம் மறைந்ததால் கவனம் சிதறாமல் இருந்ததா, இரண்டுமேயா என்பதை அந்த எண்கள் பிரித்துச் சொல்வதில்லை. அந்தத் தடுப்பூசி தயாராகிவிட்டது என்றும் எவரும் மகிழவேண்டாம்; உண்டான ஆன்டிபாடி பல வகை வைரஸைத் தடுக்கும் பரந்த திறனுடையதன்று; பங்குகொண்டவர்களில் 6.5 சதவிகிதத்தினருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றின. ஆயினும் வேரைத் தறித்ததற்கும் தறிக்காததற்கும் உள்ள அந்த இடைவெளியைக் கண்ட பிறகும், மொத்த ஆன்டிபாடி எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவரை என்னவென்பது?

ஆகவே, புதிய புரதத் தடுப்பூசி எதைப் பற்றியும் அறிக்கை வெளியிடுவோரிடம் நான் கேட்பது இரண்டே. உங்கள் புரதம் தனித்து எத்தனை டிகிரி வெப்பத்தைத் தாங்குகிறது என்பதோடு, தான் பிறப்பித்த ஆன்டிபாடிகளின் நடுவில் எவ்வளவு நேரம் உருக்குலையாமல் நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள். பிறந்த ஆன்டிபாடிகளில் எத்தனை பங்கு வைரஸின் மெய்யுருவைப் பற்றுகிறது, எத்தனை பங்கு வேரையும் உடைசலையும் பற்றுகிறது என்று பிரித்துச் சொல்லுங்கள். இவ்விரண்டையும் சொல்லாமல் தொகையை மட்டும் எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டாலும், அதை ஒரு தடுப்பூசியின் வெற்றிக்குச் சாட்சியமாக நான் ஏற்க மாட்டேன்.